மழையில் மினுக்கிய டபுள் சிக்னல்

சிம்பாங் ரெங்கம்
4 மார்ச் 2024

அன்றைக்கு ஹைவேயில் இருந்தவர்கள் ஆறு பேர். முன்னால் போன கடை வேனில் மூன்று பேர்: ஓட்டியது ருக்னுதீனாகிய நீ, பக்கத்தில் உன்னைப் பெற்ற மீரா பீவியாகிய நான், பின்சீட்டில் உன் பெண்டாட்டி ஃபரீஹா. பின்னால் வந்த சின்ன வெள்ளைக் காரில் மூன்று பேர்: ஓட்டியது உன் அக்கா மகன் அப்துல் பாசித், பக்கத்தில் உன் மகள் நாஸியா, பின்சீட்டில் துணிப்பைகளோடு நம் கடைச் சமையல்காரர் காளியப்பன். ஆறு பேரில் ஐந்து பேர் வீடு திரும்பினோம்.

மேலே சலாம் எழுதவில்லை, பார்த்திருப்பாய். மறந்துபோய் விட்டதில்லை. எதையாவது மறந்திருக்கிறேனா நான்?

போன் நம்பரை மாற்றிக்கொண்டாய். இந்த விலாசத்தை வாங்க சாஆ வரைக்கும் பஸ் ஏறி ஃபரீஹா போய்த் தங்கியிருக்கும் அவள் தாய் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வைத்தார்கள். உன் நிக்காஹ் அன்று அந்தப் பொம்பளை, உன் மாமியார், எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் உம்மாவுக்கு ஆறிப்போனதைக் கொடுத்தாள், இருபத்துநாலு வருஷமாச்சு. நான் தொடவில்லை. விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், படி.

டிசம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. பாசித்துக்கும் நாஸியாவுக்கும் நிக்காஹ் துணி எடுக்கத் தங்காக் போனோம். பச்சையில் எந்தப் பச்சை என்று மூன்று மணி நேரம் நாஸியா கடைக்காரனின் உயிரை வாங்கினாள். திரும்பும்போது பாகோ ஓய்விடத்தில் தொழுதுவிட்டு நின்றோம். தெற்கே மானம் கறுத்திருந்தது. பாசித் உன்னிடம் வந்தான்.

"மாமா, மழை புடிச்சிக்கிட்டா யோங் பெங்ல இறங்கி ஒதுங்கிக்கலாம். டபுள் சிக்னல் மட்டும் போடாதீங்க மாமா. ஓடுற வண்டி மினுக்கினா, பின்னால வர்றவனுக்கு அது நிக்கிதா போவுதான்னு தெரியாது. ஹெட்லைட் போதும், தூரம் விட்டுப் போலாம்."

நீ சிரித்தாய். "அலமாக்! லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆவல, நமக்கே கிளாஸ் எடுக்கிறான். டேய், ஒனக்கு ஸ்டீரிங் புடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்லா. கொன்வோயா சேந்து போனா ரெண்டு வண்டியும் மினுக்கணும். எப்பவும் அப்படித்தானே போறோம்? என் லைட்டப் பாத்து வா."

நாஸியா, "மாமனார் பேச்சத் தட்டாதீங்க மச்சான், இன்னும் நிக்காஹ் ஆவல, பொண்ணு மாறிப் போயிரும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பாசித் மட்டும் சிரிக்கவில்லை. போய்க் காரில் ஏறி, நீ சொன்னபடி நாலு மூலை லைட்டும் சேர்ந்து மினுக்கும் டபுள் சிக்னலைப் போட்டான்.

யோங் பெங் தாண்டியதும் மழை திரை போட்ட மாதிரி இறங்கியது. நீ வேனை நிறுத்தினாய். டபுள் சிக்னல் மினுக்கிக்கொண்டே இருந்தது. அவன் வந்து இடித்தான்.

எமர்ஜென்சி லேனுக்குள் முழுசாக ஒதுங்கி நின்றதாகவும், பாசித்தான் கோட்டைத் தாண்டி வந்து இடித்ததாகவும் போலீஸில் மலாயில் சொன்னாய். மகளைப் பறிகொடுத்தவன் சொல்கிறான் என்று நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். பொய்க்குப் போட்ட கையெழுத்து அது. வெள்ளைக் கோடு என் பக்கம், இரண்டு முழம் தள்ளி, தண்ணிக்கு அடியில் கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாம் ரோட்டிலேதான் நின்றோம். இடித்த வேகத்தில்தான் வேன் ஓரத்துக்குப் போனது.

பாசித் மேல் ஆபத்தாக ஓட்டி உயிரைப் போக்கிய கேஸ். உறுதியானால் ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை. ஏப்ரல் 22 கோர்ட்டுத் தேதி. வக்கீல் சுகந்தினியிடம் போய்க் கோட்டைப் பற்றிச் சொன்னேன். நல்ல பிள்ளை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். "பாட்டி, பேரனுக்காக இப்ப மாத்திப் பேசுறீங்கன்னு சொல்லிடுவாங்க. வேற ஆதாரம் ஏதும் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது. வேன் கண்ணாடியில் ஒட்டின சின்ன கேமரா. முன்பக்கத்து ரோட்டையும் கோட்டையும் அது பிடித்திருக்கும். இரண்டு நாள் கழித்து, போலீஸ் வளாகத்தில் கிடந்த வேனிலிருந்து சாமான் எடுத்து வரப் போனாய். என் குடையையும் செருப்பையும் இடது கையில் கொண்டுவந்தாய். வலது கையை மூடியே வைத்திருந்தாய். சோறு போட்டபோதும் அதைத் திறக்கவில்லை.

படம் பதிகிற அந்தக் கேமரா கார்டை அனுப்பு.

உம்மா


சிங்கப்பூர்
13 மார்ச் 2024

உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறேன். சொந்தக் கடையை விட்டுவிட்டு ஏன் போனான் என்று ஊரே கேட்கிறதாம், இங்கே வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அந்தக் கடையின் கல்லாவில் என் மகள் உட்காருவாள். போதுமா?

கார்டு எதுவும் என்னிடம் இல்லை. கேமரா மழையில் பழுதாகிவிட்டது.

கோடு கோடு என்கிறீர்கள். அந்த மழையில் என் வேனின் மூக்கே எனக்குத் தெரியவில்லை, எழுபத்தொரு வயதில் உங்களுக்குக் கோடு தெரிந்ததா? சரி, நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். மழையில் தூரம் விட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவன், தான் ஏன் விடவில்லை? கடைசி நேரத்தில் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தான். வலது பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான், இடது பக்கம் என் மகள். தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு அவள் பக்கத்தைக் கொடுத்தான். அவனுக்கு நெற்றியில் நாலு தையல். அவளுக்கு என்ன ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை, குளிப்பாட்டியது நீங்கள்.

அவன் உங்களுக்கு மகள் வயிற்றுப் பேரன். தாயில்லாதவன், தூக்கி வளர்த்தீர்கள். நாஸியா யார் உம்மா? அவள் மகன் வயிற்றுப் பேத்தி இல்லையா?

நோன்பு ஆரம்பித்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தை விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

ருக்னுதீன்


சிம்பாங் ரெங்கம்
18 மார்ச் 2024

ருக்னுதீன்,

நாஸியா யார் என்று என்னிடமே கேட்கிறாய். அவள் பிறந்த அன்று கிளினிக் வாசலில் நீ பொம்பளைப் பிள்ளையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். வாங்கி மடியில் போட்டுக்கொண்டவள் நான். இதையும் மறக்கவில்லை.

வலது பக்கம் ஏன் ஒடித்தான் என்கிறாய். இடது பக்கம் இரும்புத் தடுப்பு, முன்னால் உன் வேன். வேறு எங்கே ஒடிப்பான்? நீ கோட்டுக்கு உள்ளே நின்றிருந்தால் அவன் ஒடிக்கவே வேண்டியதில்லை, நேராகப் போயிருப்பான். ரொட்டியை வீசும்போது இதை யோசித்துப் பார்.

தூரம் விடவில்லை என்கிறாய். விட்டுத்தான் வந்தான். அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனான். எழுபதுக்கு மேலே முள் ஏறவில்லை என்று காளியப்பன் சொல்கிறார். இரண்டு இடத்தில் ஒடிந்த காலை வைத்துக்கொண்டு அவருக்குப் பொய் சொல்ல என்ன வேண்டிக்கிடக்கிறது? "முன்வண்டி லைட்டு மினுக்குறது தெரிஞ்சிச்சும்மா. போற வண்டின்னுதான் நெனைச்சோம்" என்றார். பாகோ முதல் மினுக்கிக்கொண்டே ஓடின வேன், மினுக்கிக்கொண்டே நின்றால் யாருக்குத் தெரியும்? அவன் உன்னிடம் சொன்னது இதைத்தானே? வார்த்தைக்கு வார்த்தை சொன்னானே!

அவனைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஜாமீனில் வந்த நாளிலிருந்து எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. பள்ளிவாசலுக்கு மழையிலும் நடந்தே போகிறான். ரோட்டில் யாராவது டபுள் சிக்னல் போட்டு நின்றால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான், ஆள் வந்து தூக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அவன் துணிகளை மடித்துக் காளியப்பன் மகனுக்குக் கொடுத்துவிட்டான். குளியலறைக்குள் யாரோடோ பேசுகிறானே என்று காதை வைத்தேன். "சாயா மெங்காக்கு பெர்சாலா." குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று மலாயில். கோர்ட்டில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறான். நோன்பும் அதுவுமாக, திரும்பத் திரும்ப, குரானைப் பாடம் பண்ணுகிற மாதிரி.

கதவைத் தட்டினேன். "சொல்லிட்டுப் போயிடறேன் உம்மம்மா. மாமா கொஞ்சம் ஆறுவாரு" என்றான்.

ஆறுவாயா நீ?

அவன் வாயால் ஒப்புக்கொண்டால் சுகந்தினி கைவிரித்துவிடுவாள். ஐந்து வருஷம். நான் அதுவரை இருக்க மாட்டேன். ஒரு வீட்டில் இரண்டு மையத்து எடுக்கச் சொல்கிறாய். கேமரா பழுது என்று எழுதுகிறாய். பழுதான கார்டை மூன்று மாதமாக எதற்கு வைத்திருக்கிறாய்? நான் பெற்றவன் நீ, உன் மூடின கை எனக்குத் தெரியும்.

உன் காலைப் பிடிக்க சிங்கப்பூர் வரச் சொன்னால் வருகிறேன். பாஸ்போர்ட் இல்லை, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உம்மா


சிங்கப்பூர்
27 மார்ச் 2024

உம்மா,

கார்டு என்னிடம்தான் இருக்கிறது.

மாலையில் கடைக்கு ஆள் வராத அரைமணி நேரம் ஒன்று உண்டு. பின்கட்டில் உட்கார்ந்து கேட்பேன். பார்க்க மாட்டேன், போனைக் கவிழ்த்துவைத்துக் கேட்பேன். ஏனென்றால் அதில் என் மகள் பேசுகிறாள். அந்த கேமரா வேனுக்குள் பேசுவதையும் பிடிக்கும். அவள் போன் அடித்து நான் ஸ்பீக்கரில் போட்டது ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். உங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும்.

அதில் இருப்பதை எழுதுகிறேன்.

"வாப்பா, எங்க இருக்கீங்க? ஒண்ணும் தெரியல. மச்சான் அடுத்த ஓய்விடத்துல ஒதுங்கலாமான்னு கேக்குறாங்க."

நான் சொல்கிறேன்: "வேணாம்மா, பிரிஞ்சா அப்புறம் தேடணும். என் லைட் மினுக்கும் பாரு, அதப் புடிச்சிக்கிட்டு வரச் சொல்லு."

அந்தச் சொல் என்னுடையது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வந்தாள்.

அடுத்து வருவது உங்கள் குரல். "டேய் ருக்னு, பின்னால வண்டியே காணோம்டா. புள்ள பயப்படுது. நிறுத்து. நிறுத்துடா, வந்து சேரட்டும்." நான், "ஹைவேல நிறுத்தக் கூடாதும்மா" என்கிறேன். "பெத்த புள்ளய வுட்டுட்டுப் போவியா நீ?" என்கிறீர்கள். நிறுத்தினேன். ஓரம் வந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். அல்லாமேல் ஆணையாக நினைத்தேன்.

அதற்கு மேலும் அவள் போன் லைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் அந்த இடத்தில் அணைத்துவிடுவேன். ஒரு நாள்கூட முழுதாகக் கேட்டதில்லை.

தங்காக்கில் எடுத்த பச்சை, பாகோவில் சிரித்தது, குடை, செருப்பு, என் இடது கை, வலது கை. எல்லாம் எழுதினீர்கள். இந்த ஒன்றை இரண்டு கடிதத்திலும் எழுதவில்லை. 'நீ வேனை நிறுத்தினாய்' என்று முடித்துவிட்டீர்கள்.

இதைக் கொடுத்தால் வக்கீல் கேட்பாள், போலீஸ் கேட்கும், கோர்ட்டில் யார் யாரோ கேட்பார்கள். என் மகளைக் கொன்றது நானும் என் தாயும் என்று கேட்பார்கள். பழியைப் பாசித்மேல் போட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் செய்தான் என்று நினைத்தால்தான் என்னால் மாவு பிசைய முடிகிறது.

கேட்காதீர்கள் உம்மா.

ருக்னுதீன்


சிம்பாங் ரெங்கம்
2 ஏப்ரல் 2024

ருக்னு,

அந்தச் சொல் எனக்கு ஞாபகம் இருந்தது. டிசம்பர் பதினேழிலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது. எழுத உட்கார்ந்தால் பேனா அந்த இடத்துக்கு வரும், நான் வேறு பக்கம் இழுத்துக்கொள்வேன். ஊரில் எவன் எவன் என்ன செய்தான் என்று ஐம்பது வருஷமாக முடிச்சுப் போட்டு வைத்தவள், என் வாயிலிருந்து விழுந்ததைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். போதுமா, எழுதிவிட்டேன்.

நிறுத்து என்று சொன்னவள் நான். நீ சட்டத்தைச் சொன்னாய், நான் பாசத்தைச் சொன்னேன்.

கூட்டமாகப் போனால் முன்வண்டி பின்வண்டிக்காக நிற்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். உன் வாப்பா காலத்தில் கம்பத்து மண்ரோட்டில் அப்படித்தான் நின்றோம். ஹைவே என்ன, மண்ரோடு என்ன, எனக்கு எல்லாம் ரோடுதான். வண்டி வந்து மோதும் என்றா நினைத்தேன்? பிள்ளை வந்து சேரும் என்று நினைத்தேன்.

இப்போதும் கேட்கிறேன், அனுப்பு. என்னைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறாய் என்றால் என்னைக் காப்பாற்றாதே. கோர்ட்டில் கேட்கட்டும். ஊர் கேட்கட்டும். சாஆவில் அந்தப் பொம்பளையும் கேட்கட்டும். பாசித் ஒதுங்கலாமா என்று கேட்டான் என்று அதில் இருக்கிறதே ருக்னு. ஒதுங்கலாமா என்று கேட்டவன்மேல் ஆபத்தாக ஓட்டினான் என்ற கேஸ் நடக்கிறது, ஃபரீஹா பின்சீட்டில் தூங்கிப்போயிருந்தாள், கேட்டவர்கள் நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் இருபது நாள். நேற்று அவன் நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம் எடுத்தான், பாதியை வைத்துவிட்டான். பாதிப் பழத்தில் ஓர் ஆண்பிள்ளை எத்தனை நாள் இருப்பான்? ஏப்ரல் 22க்கு முன்னாலேயே என்னமும் செய்துகொள்வான் என்று பயந்து அவன் அறைக் கதவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். காளியப்பன் நொண்டிக்கொண்டு வந்து கழற்றினார். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பரவாயில்லை.

உம்மா


சிங்கப்பூர்
11 ஏப்ரல் 2024

உம்மா,

பெருநாள் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் பாசித் வயதுப் பையன். சலாம் கொடுத்துக் கட்டிப்பிடித்தான். அவன் முதுகிலிருந்து என்னால் கையை எடுக்க முடியவில்லை.

தினம் பாலம் தாண்டி வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர் மதிவாணன் கையில் கார்டைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் மடித்திருக்கிறது, கைதவறிப் போய்விடும், வெளிச்சத்தில் வைத்துப் பிரியுங்கள். வேறு நகல் எடுக்கவில்லை. எடுத்தால் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதில் மிச்சம் இருப்பதை நீங்கள் கேட்டால் எனக்கு எழுதுங்கள். அல்லது எழுதாதீர்கள். தெரியவில்லை.

ருக்னுதீன்


சிம்பாங் ரெங்கம்
27 ஜூன் 2024

அன்பு மகன் ருக்னுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கார்டு கிடைத்ததும் சுகந்தினியிடம் கொடுத்தேன். 22ஆம் தேதி கேஸைத் தள்ளிவைக்கச் சொல்லி அவள் தவணை வாங்கினாள். அரசு வக்கீலுக்கு எழுதினாள். நேற்றுக் கேஸை மாற்றினார்கள். ஆபத்தாக ஓட்டியது போய், கவனக்குறைவு என்று ஆனது. பாசித் ஒப்புக்கொண்டான். அபராதம் கட்டினோம், லைசென்ஸை மூன்று வருஷத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். சிறை இல்லை. "அந்த மழைல எழுபதும் அதிகம்தான் பாட்டி, கண்ணு எட்டுற தூரத்துக்குள்ள நிறுத்த முடியிற வேகத்துலதான் ஓட்டணும்" என்று சுகந்தினி சொன்னாள். பாசித் தலையாட்டினான். வெளியே வந்து நானாகவே பஸ் பக்கம் நடந்தேன், அவன், "கார்லயே போலாம் உம்மம்மா" என்றான். காளியப்பன் மகன் ஓட்டினான். பாசித் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, என் கையை நசுக்கிக்கொண்டு வந்தான். வலித்தது. விடவில்லை.

உன்னைப் போலீஸ் கூப்பிடும். ஹைவேயில் நிறுத்தியதற்கும், கார்டை மறைத்ததற்கும். அது தெரிந்துதான் அனுப்பினாய். நான் முந்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நிறுத்தச் சொன்னவள் நான், என்னைப் பிடியுங்கள் என்றேன். மலாய்ப் பையன் ஒருவன், "மக்சிக், யாங் பெகாங் ஸ்டீரிங் சியாபா?" என்றான். ஸ்டீரிங் பிடித்தது யார் என்று கேட்கிறான். எனக்கென்று சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லையாம். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்துவிடு ருக்னு. கூப்பிடும் முன்னால் நீயாக வா. சுகந்தினி உன்னோடு வருவாள், நானும் வந்து பெஞ்சில் உட்காருகிறேன். நீ வர வேண்டும் என்று சாஆ போய் ஃபரீஹாவிடமும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தேத்தண்ணியைக் குடித்தேன்.

மிச்சத்தைக் கேட்டாய். அன்று மழைச் சத்தத்தில் நம் காதில் விழாதது.

சுகந்தினி ஆபீஸில் முழுதாகப் போட்டோம். பாசித்தும் கேட்டான், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நீ நிறுத்தின பிறகு போனில் டிங் டிங் என்று ஒரு சத்தம் வருகிறது. பெல்ட் போடாவிட்டால் கார் அடிக்கும் சத்தம் என்று சுகந்தினி சொன்னாள். பாசித் குரல்: "நாஸியா, பெல்ட்டப் போடு." அவள்: "இருங்க மச்சான், கண்ணாடில பனி மூடிக்கிச்சு, தொடச்சாத்தான் வாப்பா லைட்டு தெரியும்." மறுபடியும் அவன், கொஞ்சம் சத்தமாக: "கண்ணாடிய ஏர்கோன் பாத்துக்கும், பெல்ட்டப் போடும்மா." அவள் சிரிக்கிறாள். "அந்தா! அந்தா வாப்பா!" என்கிறாள். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

சந்தோஷமாகச் சொன்னாள் ருக்னு. பயந்து சாகவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

மருத்துவர் எழுதினதை சுகந்தினி எனக்குப் படித்துச் சொன்னாள். பெல்ட் போட்டிருந்தால் எலும்புதான் ஒடிந்திருக்குமாம். காளியப்பனுக்கு ஒடிந்த மாதிரி.

உன்மேல் இருந்ததை இந்தக் கடிதத்தோடு விட்டேன். பாசித்மேல் ஒன்றும் இருந்ததில்லை. என்னை அல்லா கேட்பான், பதிலை வைத்திருக்கிறேன், ஃபரீஹா கேட்டாலும் சொல்வேன். வெள்ளிக்கிழமைதோறும் கபுருக்குப் போகிறேன். யாசீன் ஓதுகிறேன். ஓதி முடித்ததும் மண்ணைப் பார்த்துத் திட்டத் தொடங்கிவிடுகிறேன், பக்கத்தில் ஓதுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னான் அவன். போட்டிருந்தால் என்னடி? இடுப்பில் ஒரு பட்டை, அவ்வளவுதானே? நான் போட்டிருந்தேனே, எழுபத்தொரு வயதுக் கிழவி, சாவுக்குக் காத்திருக்கிறவள், நான் போட்டிருந்தேனே! எல்லாரையும் விட்டுவிட்டேன் ருக்னு. ஒருத்தியை மட்டும் நான் மவுத்தாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

நாஸியாவை.